உயர்நிலைப் பள்ளியில் புதிய நடத்தை நடைமுறைகளைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இது: சுமார் 900 மாணவர்களும் 50 ஆசிரியர்களும் உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளி. வகுப்புக்குள் நுழைவது, அமைதிக்கு வருவது, நடைவழியில் நடப்பது, கைபேசி என எல்லாவற்றுக்கும் புதிய எதிர்பார்ப்புகளைக் கொண்டுவர நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. இதற்கு முன் இரண்டு முறை ஆரம்பித்து, இரண்டு முறையும் ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இந்த முறை நிலைக்க என்ன செய்ய வேண்டும்?

ஒரு மாதத்தில் தேய்ந்துபோனது என்று நீங்கள் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. மாணவர்கள் எதிர்த்து நின்றதால் ஒரு நடைமுறை செத்துப்போவது அபூர்வம். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கைவிடுவார்கள். அதை மாணவர்கள் கவனித்துவிடுவார்கள். முதல் வாரம் 50 ஆசிரியர்களும் வாசலில் நிற்பார்கள். மூன்றாம் வாரம் 30 பேர். ஐந்தாம் வாரம் 15 பேர். அப்போது அந்த 15 பேரும் மாணவர் கண்ணில் ‘ரொம்ப கெடுபிடி’ ஆசிரியர்களாகத் தெரிவார்கள், அவர்களும் சலித்து விட்டுவிடுவார்கள். ஆகவே உங்கள் திட்டத்தில் மாணவர்களுக்காக எழுதியதைவிட ஆசிரியர்களுக்காக எழுதியது அதிகமாக இருக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே நாளில் பன்னிரண்டு விதிகளை அறிமுகப்படுத்தினால், ஆசிரியருக்கே எந்த நேரத்தில் எதைக் கவனிப்பது என்று தெரியாது. முதல் பருவத்துக்கு மூன்று நடைமுறைகள் போதும்; ஐந்தைத் தாண்ட வேண்டாம். எதை எடுப்பது? நாளில் அதிக முறை நிகழ்வதை எடுங்கள். வகுப்பில் நுழைவது ஒரு மாணவனுக்கு ஒரு நாளில் ஆறு ஏழு முறை நடக்கிறது. காலைக் கூட்டம் ஒரு முறைதான். வகுப்பு நிலைகொள்ள ஒவ்வொரு பாடவேளையிலும் 4 நிமிடம் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 பாடவேளை என்றால் 24 நிமிடம்; 180 வேலை நாளில் 4,320 நிமிடம், அதாவது 72 மணி நேரம். 40 நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால் 108 பாடவேளைகள். ஆசிரியர் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ‘ஒழுக்கம்’ என்ற சொல்லுக்கு அசையாத ஆசிரியரும் ‘பாடத்திட்டம் முடியும்’ என்பதற்கு அசைவார்.

அடுத்தது எழுதும் விதம். ‘மரியாதையுடன் நடந்துகொள்ள வேண்டும்’ என்பது ஒரு விழுமியம்; அது சுவரில் இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்து ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இந்த நொடியில் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள முடியாது. நடைமுறை என்பது கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ஒரு சோதனை: வெளியாள் ஒருவர் வகுப்பைப் பார்த்து, ‘நடந்தது’ அல்லது ‘நடக்கவில்லை’ என்று ஐயமின்றிச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ‘செய்யாதே’ என்று எழுதுவதையும் தவிருங்கள். ‘ஓடாதே’ என்றால் தள்ளிக்கொண்டு வேகமாக நடக்கலாம் என்று ஆகிவிடும். ‘இடப்பக்கமாக, நடந்து, நிற்காமல்’ என்றால் குழப்பமில்லை.

நுழைவு நடைமுறையை மட்டும் இங்கே முழுதாக எழுதிக் காட்டுகிறேன். மற்றதெல்லாம் பெரும்பாலும் இதைப் பின்பற்றித்தான் வரும். இது சரியாக அமைந்தால் பாடவேளையின் மீதிச் சிக்கலில் பெரும்பகுதி எழுவதே இல்லை.

மணி அடிக்கும்போது ஆசிரியர் கதவருகே, ஒரு கண் நடைவழியிலும் ஒரு கண் வகுப்பிலும் இருக்கும்படி நிற்கிறார். மாணவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியோ தலையசைத்தோ உள்ளே விடுகிறார். சட்டையைச் சரிசெய்யச் சொல்வது, கைபேசியை உள்ளே வைக்கச் சொல்வது போன்ற சின்னத் திருத்தங்கள் எல்லாம் இங்கேயே, மெல்லிய குரலில் முடிந்துவிடும். உள்ளே போனபின் சொன்னால் அதற்கு முப்பது பார்வையாளர்கள் இருப்பார்கள். மாணவர் நேராகத் தமக்குக் குறித்த இருக்கைக்குப் போகிறார்; புத்தகம், நோட்டு, பேனா மேசைமேல்; பை கீழே. பலகையில் ஏற்கனவே ஒரு சிறு பணி எழுதியிருக்கிறது. அதை அமைதியாகத் தொடங்குகிறார். கடைசி ஆள் உள்ளே வந்ததும் ஆசிரியர் கதவைச் சாத்தி, வருகைப் பதிவை எடுக்கிறார். வாசல் தாண்டியதிலிருந்து எல்லோரும் எழுதத் தொடங்கும் வரை ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம்; அந்தப் பணிக்கு 4 அல்லது 5 நிமிடம்.

இதில் உடைவது எப்போதும் அந்தச் சிறு பணிதான். ஆசிரியர் விளக்கம் தராமல் மாணவர் தானே தொடங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். நேற்றைய பாடத்திலிருந்து மூன்று கேள்வி, போன வாரத்திலிருந்து ஒன்று என்பது பாதுகாப்பான அளவு. புதுப் பாடத்தின் கடினமான கணக்கைப் போட்டால் ஐந்து கைகள் உயரும், ‘மிஸ், புரியல’ என்று குரல் வரும், அமைதி அதோடு முடிந்தது. இன்னொரு தவறு, அந்தப் பணியைத் திருத்தாமல் விடுவது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த வேலையை மூன்று நாளுக்குமேல் எந்தப் பிள்ளையும் செய்யாது. இரண்டு நிமிடம் ஒதுக்கி விடைகளைச் சொல்லி, அவர்களையே சரிபார்க்க வையுங்கள், அது போதும்.

பேனா கொண்டுவராதவர் விஷயத்தில் பள்ளிகள் தேவையில்லாமல் சண்டையை வளர்க்கின்றன. வாசலருகே ஒரு டப்பாவில் பத்துப் பேனா வையுங்கள். எடுத்தவர் போகும்போது திருப்பி வைப்பார். பாடம் நிற்காது. யார் எத்தனை முறை எடுத்தார் என்பதை வகுப்பாசிரியர் பிறகு விசாரிக்கலாம். அப்படி விசாரிக்கும்போது வீட்டில் வாங்கித் தர முடியாத நிலை தெரியவந்தால், அது தண்டனைக்குரியதல்ல, உதவிக்குரியது.

அமைதிக்கு வரும் சைகையும் பள்ளி முழுக்க ஒன்றாகவே இருக்க வேண்டும். கை உயர்த்துவதோ, மூன்றிலிருந்து எண்ணுவதோ, எதுவானாலும் சரி. எண்ணுவதாக இருந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செயலைச் சேருங்கள்: “மூணு, பேனாவைக் கீழே வைங்க. ரெண்டு, என்னைப் பாருங்க. ஒண்ணு, அமைதி.” முழு அமைதி வரும்வரை அடுத்த சொல்லைப் பேசக்கூடாது. இதுதான் ஆசிரியர்களுக்கு மிகக் கடினமானது. வகுப்பில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நொடியில், ‘நான் பேசும்போது நீங்களும் பேசலாம்’ என்பதைத்தான் வகுப்பு கற்றுக்கொள்கிறது. எண்ணி முடித்த பிறகும் அமைதி வராவிட்டால் மறுபடி எண்ண வேண்டாம். இரண்டாம் முறை எண்ணினால் முதல் எண்ணிக்கை வெறும் முன்னறிவிப்பாகிவிடும். பேசுபவரின் பக்கத்தில் போய் நின்று, தாழ்ந்த குரலில் பெயர் சொல்லுங்கள்.

வகுப்பு கலைவதற்கு மணி அடையாளம் அல்ல, ஆசிரியரின் சொல்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மணிக்கு 3 நிமிடம் முன்பே பாடத்தை நிறுத்தி, பொருள்களை எடுத்து வைத்து, நாற்காலியை உள்ளே தள்ளி, வரிசை வரிசையாக அனுப்ப வேண்டும். இதில் ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு: மணி அடித்தபின் பாடத்தை இழுத்தால், அடுத்த ஆசிரியரின் வகுப்புக்கு அந்த மாணவர்கள் தாமதமாகிறார்கள். அந்தத் தாமதத்துக்கு மாணவரைத் தண்டிப்பது அநியாயம்.

தாமதம் என்றதும் இன்னொன்று. விதி போடும் முன் நீங்களே கையில் கடிகாரத்துடன், மாணவர் கூட்டம் நகரும் நேரத்தில், பள்ளியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து பாருங்கள். நான்கு நிமிடம் ஆகிறது, பாடவேளைகளுக்கிடையே மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்றால், கால அட்டவணை செய்த தவறுக்கு மாணவர் தண்டனை வாங்குகிறார். கழிப்பறைக்கும் இதே சோதனைதான். இடைவேளையில் எல்லோரும் போய்வர வசதி போதாவிட்டால், ‘பாடவேளையில் கழிப்பறைக்கு அனுமதியில்லை’ என்ற விதி பிள்ளைகளின் உடம்பைத்தான் வதைக்கும். மாதவிடாய்க் காலம், மருத்துவக் காரணம் இரண்டுக்கும் கேள்வி கேட்காமல் அனுமதி தரும் ஏற்பாடு, அதற்கான ஒரு சிறு அட்டை, முதல் நாளே இருக்க வேண்டும்.

இனி ஆயத்தம். தொடங்கும் நாளுக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே ஆசிரியர் கூட்டத்தில் வரைவை வையுங்கள். தலைமை ஆசிரியர் முடித்துவைத்த ஆவணமாக அது வரக்கூடாது. எந்தெந்த மூன்று நடைமுறை என்பதில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ‘இதை நான் என் ஆறாவது பாடவேளையிலும், காய்ச்சலோடு வந்த நாளிலும் செய்வேனா?’ என்று அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். செய்யமாட்டேன் என்று சொல்லும் படியை வெட்டிவிடுங்கள். பாதிப் பேர் செய்யும் ஐந்து படியைவிட எல்லோரும் செய்யும் மூன்று படி பலமானது. ஆய்வக உதவியாளர், நூலகர், உடற்கல்வி ஆசிரியர், அலுவலக ஊழியர், காவலாளி எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். நடைவழியில் மாணவர் அதிகம் சந்திப்பது இவர்களைத்தான். பல பள்ளிகளில் இவர்களுக்கு விதி மாறியதே தெரியாது.

தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு மணி நேரம் ஒத்திகை. ஆசிரியர்களில் சிலர் மாணவராக நடிக்க, ஒருவர் வாசலில் நின்று செய்து பார்க்க வேண்டும். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. உண்மையான வகுப்பில் வாய் வராமல் போகும் இடம் எது என்பது இப்படித்தான் தெரியும். குறிப்பாக, ‘மாட்டேன்’ என்று சொல்லும் மாணவரிடம் என்ன சொல்வது என்பதைச் சொல்லிப் பழக வேண்டும்.

திருத்தும் முறையும் எல்லோருக்கும் ஒரே ஏணியாக இருக்கட்டும், கீழ்ப்படியிலிருந்து. முதலில் பார்வை, அல்லது பக்கத்தில் போய் நிற்பது. அடுத்து, பெயர் சொல்லாமல் வகுப்புக்கே ஒரு நினைவூட்டல்: “இன்னும் ரெண்டு பேர் எழுத ஆரம்பிக்கணும்.” பிறகு மேசையருகே குனிந்து, மற்றவர் காதில் விழாமல்: “பலகையில இருக்கற முதல் கேள்வியை எழுதுப்பா, நன்றி.” சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட வேண்டும். முன்னாலேயே நின்று முறைத்தால் அந்தப் பையன் தோழர்கள் எதிரில் தோற்க வேண்டியிருக்கும். ஒரு பத்து விநாடி முகம் காக்க இடம் கொடுத்தால் பெரும்பாலும் எழுதத் தொடங்கிவிடுவான். அதற்கும் பிறகுதான் எச்சரிக்கை. அதைத் தாண்டினால் விளைவு, அதாவது ஒரு சிறு தண்டனை. பதின்ம வயதில் சகமாணவர் முன் மானம் போவது எந்தத் தண்டனையையும்விடப் பெரியது. அதனால்தான் பொதுவில் கத்துவது பலிக்காமல் போகிறது: அடங்கிப்போவதைவிட எதிர்த்து நின்று தண்டனை வாங்குவது அவனுக்கு லாபம்.

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவு இன்றும் பயன்படும். ஒழுங்கான வகுப்பின் ஆசிரியருக்கும் கலவரமான வகுப்பின் ஆசிரியருக்கும், தவறு நடந்த பிறகு அவர்கள் கண்டிக்கும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல வகுப்பின் ஆசிரியர் எல்லா மூலையிலும் கண் வைத்திருந்தார். பாடம் தொய்வில்லாமல் நகர்ந்தது. தவறு பெரிதாகும் முன்பே தெரிந்துகொண்டார். வாசலில் நிற்பதும் பலகைப் பணியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

விளைவு சிறியதாக, அன்றே முடிவதாக, தப்பாமல் நடப்பதாக இருக்கட்டும். அடுத்த வாரம் நடக்கப்போகும் ஒரு மணி நேரத் தண்டனையைவிட, இன்று இடைவேளையில் நடக்கும் பத்து நிமிடம் மேல். இங்கேயும் கணக்குப் போடுங்கள். முதல் நாள் 900 பேரில் பத்தில் ஒருவர் தவறினாலும் 90 பேர். அவர்களை உட்கார வைக்க 30 பேர் கொள்ளும் மூன்று அறையும் மூன்று ஆசிரியரும் வேண்டும். அது இல்லாமல் தண்டனையை அறிவித்தால், இரண்டாம் நாளே பெயர்ப்பட்டியல் குப்பைக்குப் போகும், பள்ளி சொன்னதைச் செய்யாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் ஐந்து நாள்களை விளைவில்லாத பயிற்சி நாள்களாக அறிவிப்பது நல்லது: தவறினால் மறுபடி செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வன்முறை, கேலிக் கொடுமை போன்றவை இந்த ஏணிக்குள் வராது. அவற்றுக்குப் பள்ளியின் தனி நடவடிக்கை முதல் நாளிலிருந்தே பொருந்தும்.

சிலர் செய்த தவறுக்கு வகுப்பு முழுவதையும் நிறுத்திவைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். ஒழுங்காக இருந்த இருபத்தைந்து பேர் ஒரே நாளில் உங்களுக்கு எதிரணிக்குப் போய்விடுவார்கள்.

முதல் நாளன்று பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்று ஒரு நீண்ட உரை ஆற்றுவதால் எதுவும் நடக்காது. நடைமுறையை அது நடக்கும் இடத்திலேயே கற்பிக்க வேண்டும். காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆசிரியர் ஒரு முறை செய்து காட்டட்டும். பிறகு வகுப்பை வெளியே அனுப்பி மறுபடி உள்ளே வரச் செய்யுங்கள். எந்தப் படி தவறியது என்று குறிப்பாகச் சொல்லி, அதை மட்டும் திரும்பச் செய்ய வையுங்கள். முதல் மூன்று நாள் ஒவ்வொரு பாடவேளையிலும் 8 முதல் 10 நிமிடம், இரண்டாம் வாரம் 3 நிமிடம், பிறகு தேவைப்பட்டால் மட்டும். ஒரே ஆசிரியர் செய்தால் போதாது. கணித ஆசிரியர் வாசலில் கற்றுத் தந்ததை மாணவர் தானாக வரலாற்று வகுப்புக்குக் கொண்டுபோக மாட்டார்.

பதினாறு, பதினேழு வயதினரிடம் அணுகுமுறை மாற வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் போல வரிசையில் நிறுத்திப் பத்து முறை ஒத்திகை பார்த்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. அவர்களுக்குக் காரணத்தை விரிவாகச் சொல்லி, கேள்வி கேட்கவிட்டு, ஒருமுறை செய்து பார்த்தால் போதும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “சார், டீச்சர்ஸும் போன் வெச்சிருக்காங்களே?” என்பதாக இருக்கும். பதிலை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நேர்மையான பதில் ஒன்றுதான்: மாணவர் பார்க்கும் இடத்தில் ஆசிரியரும் கைபேசியை எடுக்கமாட்டார்; அவசரம் என்றால் ஓய்வறையில்.

சில மாணவர்களுக்கு அதே எதிர்பார்ப்பை வேறு வழியில் எட்ட ஏற்பாடு வேண்டும். ஆட்டிசம் உள்ளவருக்கு நெரிசலான நடைவழி தாங்காது; இரண்டு நிமிடம் முன்பே கிளம்ப அனுமதியுங்கள். காது கேட்கும் குறைபாடு உள்ளவருக்குக் குரலால் எண்ணுவது மட்டும் போதாது, கைசைகையும் வேண்டும். ‘பேசும்போது கண்ணைப் பார்’ என்பதை விதியாக்கவே வேண்டாம். சிலரால் முடியாது, அதற்கும் கவனத்துக்கும் தொடர்பில்லை. இந்தப் பட்டியல் தொடங்கும் நாளுக்கு முன்பே, பெற்றோருடன் பேசி, ஒவ்வொரு பாட ஆசிரியர் கையிலும் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன மாறுகிறது, ஏன், தவறினால் என்ன நடக்கும், யாரிடம் பேசலாம். மாணவருக்குச் சொல்வதற்கு இரண்டு நாள் முன்னால் போகட்டும்.

மூன்றாம் வாரம்தான் ஆபத்தான இடம். புதுமை போயிருக்கும், பழக்கம் இன்னும் வந்திருக்காது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களே விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அது பள்ளியில் நடந்த ஆய்வு அல்ல. என்றாலும் மாதக்கணக்கில் யோசிக்க வேண்டும் என்பது தெளிவு. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய இழப்பில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு மோசமான வியாழக்கிழமைக்காகத் திட்டத்தையே மாற்ற வேண்டாம்.

மூன்றாம் வாரத்துக்கென்று முன்பே நாள்குறிப்பில் மூன்று வேலைகளை எழுதிவிடுங்கள். தலைமை ஆசிரியரும் துணைத் தலைமை ஆசிரியர்களும் அந்த வாரம் பாடவேளை மாறும் ஒவ்வொரு முறையும் நடைவழியில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கூட்டம், கோப்பு எதுவும் வேண்டாம். ஒருவர் நாளுக்குப் பத்து வகுப்புகளை முதல் ஐந்து நிமிடத்தில் எட்டிப் பார்த்து நான்கு விஷயத்தை மட்டும் குறிக்கட்டும்: ஆசிரியர் வாசலில் இருந்தாரா, பலகையில் பணி இருந்ததா, எல்லோரும் இருக்கையில் இருந்தார்களா, எழுதினார்களா. ஆசிரியர் பெயர் அதில் வேண்டாம். அது ஆசிரியரை மதிப்பிடும் கருவியாக மாறிய அன்றே, பார்வையாளர் வரும்போது மட்டும் நடைமுறை நடக்கும். மூன்றாவது, வெள்ளிக்கிழமை இருபது நிமிடக் கூட்டம். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உடைகிறது என்று மட்டும் பாருங்கள். உணவு இடைவேளைக்குப் பிந்தைய பாடவேளையில், இரண்டாம் மாடிப் படிக்கட்டில் என்று தெரிந்தால், அங்கே ஒரு ஆசிரியரை நிறுத்துவதில் தீர்ந்துவிடும். யார் தவறு செய்தார் என்ற பட்டியலிலிருந்து மட்டும் இது தெரியவராது.

பாராட்டைப் பற்றி. ‘வெரி குட்’ என்பது காற்றில் போகும். “உள்ளே வந்து நாப்பது செகண்டுல எல்லாரும் எழுத ஆரம்பிச்சிட்டீங்க” என்பது நிற்கும், ஏனென்றால் எது சரி என்பதை அது மறுபடி சொல்லித்தருகிறது. வகுப்பைப் பொதுவில் பாராட்டலாம். தனி மாணவரை, அதிலும் வழக்கமாகத் திட்டு வாங்குபவரை, தனியாகப் பாராட்டுங்கள். பரிசுப் புள்ளி முறை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கணக்கு வைப்பதே ஒரு வேலையாகிவிடும்; ஆசிரியர்கள் முதலில் கைவிடுவது அதைத்தான்.

நீண்ட விடுமுறைக்குப் பிறகு முதல் நாள், மறுபடி ஒரு பத்து நிமிடம் ஒத்திகை. பருவத்தின் நடுவில் சேரும் மாணவருக்கு வகுப்பிலிருந்து ஒருவரைத் துணையாக மூன்று நாள் விடுங்கள். நான்காவது நடைமுறையைச் சேர்ப்பது எப்போது என்றால், வகுப்புகளை எட்டிப் பார்த்துக் குறிக்கும் அந்த நான்கு விஷயமும் தொடர்ந்து இரண்டு வாரம் பத்தில் ஒன்பது வகுப்பில் நடந்த பிறகு. பதிலி ஆசிரியர் வரும் நாளுக்காக, நுழைவு, அமைதிச் சைகை, கலைவது, உதவிக்கு யாரை அழைப்பது என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு வகுப்பு மேசையின் மேல் இழுப்பறையிலும் ஒட்டிவையுங்கள்.